மாப்பிள்ளை வண்டி

நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில், எங்கள் தெருவில் பதினாறு தள்ளுவண்டிகள். ஒன்றுக்கும் உரிமம் கிடையாது, கேட்டாலும் தரமாட்டார்கள். ஆனால் மாதம் ஒரு வண்டியைப் பிடித்ததாக இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குக் காட்டியாக வேண்டும். அதற்கென்றே சக்கரம் உடைந்த வண்டி ஒன்றை வைத்திருக்கிறோம். லாரியில் ஜம்மென்று ஏறிப் போய் மூன்றாம் நாள் திரும்பி வரும். அதனால் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. பக்கத்தில் நின்று போட்டோவுக்கு முகம் காட்டி, கையெழுத்துப் போட எங்களுக்குள் முறை உண்டு.

இந்த மாதம் என் முறை. நான் செல்போன் உறை விற்கிறவன்.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்து காதைக் கடித்தார். "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறுதுப்பா. ரெண்டு கேஸ் ஆச்சுன்னா நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க. உனக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்கு. வேற ஆளைப் பாரு. எனக்குத் தேவை ஒரு மூஞ்சி, அவ்வளவுதான்."

சாக்ஸ் விற்கும் தலைவரிடம் ஓடினேன். எங்களுக்குச் சட்டம், கோர்ட்டு எல்லாம் அவர்தான்.

"இங்க எல்லாருக்கும்தான் ஒரு கேஸ் இருக்கு. அந்த சீப்புக்காரி வந்து ஒரு மாசந்தான் ஆகுது. அவளை நிக்க வை."

"கேஸ் விஷயத்தைச் சொல்லிடலாமா?"

"சொன்னா நிப்பாளா? அப்புறம் நீதான் நிக்கணும். மூட்டை கட்டுறியா?"

என் சம்பாத்தியத்தில் ஊரில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

சீப்புக்காரியிடம் போய், "சும்மா ஒரு போட்டோம்மா. நாங்க எல்லாருமே நின்னிருக்கோம்" என்றேன். முழுப் பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

அவள் தன் சரக்கிலிருந்தே ஒரு சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

"சிரிக்காதேம்மா! பிடிபட்ட மாதிரி நில்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

தெருவே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். தன்னால் படிக்க முடியாத தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். போகிற போக்கில் இன்ஸ்பெக்டர் என் வண்டியிலிருந்து நல்ல உறையாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

லாரி போனதும் எனக்கு டீ வாங்கி வந்தாள்.

"இத்தனை நாள் யாரும் என்னை ஒரு ஆளாவே மதிக்கலண்ணே. இன்னிக்குத்தான் உங்க முறையில சேத்துக்கிட்டீங்க."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சாக்ஸ் அடுக்கிக்கொண்டே தலைவர் என்னைப் பார்த்தார்.

"அடுத்த மாசமும் ஆள் இல்லன்னா சொல்லுங்கண்ணே, நானே நிக்கிறேன்."

"சரிம்மா" என்றேன். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.