ஒன்பது பேர் சாப்பாடு

விடுமுறை விருந்து முடிந்த ஐந்தாம் நாள் காலை ஆறே காலுக்கு அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவில் ஒரு காந்தத்தின் கீழ் காகிதம் தொங்கியது. பதினோரு வரிகள். எட்டை அடித்தாயிற்று. மிச்சம் மூன்று: கோழி, சோறு, ரொட்டி.

எது முதலில் கெடுமோ அது முதலில். பால் சேர்ந்தது முதல் நாள், குழம்பு இரண்டாம் நாள், வறுத்தது அதற்குப் பிறகு. முப்பத்தொரு வருஷம் ஓர் ஆலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்குக் கேன்டீன்காரர் என்றுதான் பெயர். வேளைக்கு அறுநூறு பேர். மதியம் மிஞ்சிய சோறு மாலையில் உருண்டையாக எண்ணெயில் பொரியும். காலையில் மிஞ்சிய ரொட்டி தூளாகி அந்த உருண்டைக்கு மேல்பூச்சாகும். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தராசு வைத்திருந்தார். அன்றன்று கொட்டியதை எடை போட்டுக் கரும்பலகையில் எழுதுவார். பூஜ்யம் எழுதிய நாட்களில் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். பட்டினி கிடந்து வளர்ந்தவர் அல்ல. யாராவது அப்படி நினைத்து இரக்கப்பட்டால் உடனே திருத்துவார். அது வேலை. வேலை உடம்பில் ஊறிவிட்டது, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் விருந்துக்கு ஆக்குவது மனைவி. மறுநாளிலிருந்து அடுப்படி அவர் கைக்கு வரும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது தட்டைப் பார்த்து, "அப்பா, இது போன ஜென்மத்துல என்னவா இருந்துச்சு?" என்று கேட்பார்கள். மருமகன் வந்த புதிதில், "மாமா கையில கெடச்சா செருப்பைக்கூட சூப்பாக்கிடுவார்" என்றான். அதை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த வருஷம் ஒன்பது பேருக்கு ஆக்கி இரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

மேஜையில் ஒன்பது தட்டு வைத்தாகிவிட்டது. இரண்டு மணிக்கு மனைவி பால்கனியிலிருந்து போனோடு உள்ளே வந்தாள்.

"அவங்களுக்கு வர முடியலையாம்."

"யாருக்கு?"

"ரெண்டு பேர் வீட்லயும்தான். லீவு கெடைக்கலையாம்."

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சேர்ந்தாப்பலயா? முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஆறு கிலோ கோழி!"

அவள் ஏழு தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயந்திரம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தபோது மனசுக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்தது. இவ்வளவு மிச்சம் கேன்டீனை விட்ட பிறகு அவர் பார்த்ததில்லை. கஸ்டர்டில் ரொட்டியை ஊற வைத்துச் சுட்டார். பீன்ஸையும் கேரட்டையும் உருளைக்கிழங்கோடு மசித்துக் கட்லெட் தட்டினார். குழம்பை வடிகட்டிச் சூப் வைத்தார். எலும்பை ஒரு முறை வேகவைத்து, அதே எலும்பை மறுபடியும் வேகவைத்தார். கீழ்வீட்டுத் தையல்காரருக்கு இரண்டு நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த மனுஷன் கதவைப் பாதிதான் திறந்தார். "போதும்ங்க. எங்க வீட்லயும் இதே கதைதான். நான் கொண்டாந்து குடுத்தா நீங்க வாங்கிக்குவீங்களா?"

மனைவி போட்டதைச் சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

அது தவிர ஐந்து நாளும் பெரிய பேச்சு இல்லை. தூங்கவில்லை போல, கண் வீங்கியிருந்தது. அடுப்படியைப் பறித்துக்கொண்ட கோபம் என்று அவர் நினைத்தார். அது வருஷா வருஷம் வருவதுதான்.

ஐந்தாம் நாள் காலை ரொட்டியின் ஓரங்களைச் சீவினார். உள்பக்கத்தை விரல் நீளத் துண்டுகளாக்கி, முட்டையிலும் பாலிலும் தோய்த்துப் பொரித்தார். மேலே சர்க்கரை தூவினார். பேத்திக்கு இது உயிர். டிபன் பாக்ஸில் காகிதம் விரித்து அடுக்கினார். மூடுவதற்கு முன் ஒரு துண்டைத் திருப்பி வைத்தார், சிவந்த பக்கம் மேலே வரட்டும் என்று.

"பாப்பாவுக்குப் பிடிக்கும். நானே பஸ் ஏறிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். "ஒரு மணி நேரம்தானே."

"வேண்டாம்."

"ஏன்?"

"ஸ்கூல் இருக்கும்."

"லீவு இன்னும் முடியலையே."

அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தில் கை வைத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மகனுக்குப் போன் போட்டார். எடுத்தது பேத்தி.

"தாத்தா பேசறேன். பாப்பா, சாப்டியா?"

யாரும் கேட்கிறதுதான். போனை எடுத்தால் முதலில் வருகிற வார்த்தை.

"காலி பண்ணிட்டேன் தாத்தா" என்றாள். "ஒண்ணும் மிச்சம் வைக்கல."

"அதில்ல கண்ணு, தாத்தா உனக்கு…"

"தட்ட அம்மாகிட்ட காட்டிட்டேன். வேணும்னா அம்மாவ கேளுங்க."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. தயாராக வைத்திருந்த குரல். பிறகு போன் கைமாறியது. மகனின் மூச்சை அவருக்குத் தெரியும். சின்ன வயசிலேயே இளைப்பு உண்டு அவனுக்கு. "டேய்" என்றார். மூச்சு இரண்டு தரம் கேட்டது. பிறகு இல்லை.

குழாய் நின்றிருந்தது. மனைவி ஈரக்கையோடு திரும்பி நின்றாள்.

"லீவெல்லாம் கெடச்சுது" என்றாள். "பத்து நாள் முன்னாடியே சொல்லிட்டான், வர மாட்டேன்னு. அண்ணன் வரலேன்னா நானும் வரலேன்னா சின்னவ."

"அப்புறம் எதுக்குடி ஒன்பது பேருக்கு ஆக்குன?"

"மனசு மாறி வந்து நின்னாங்கன்னா? ரெண்டு பேர் சோத்த வெச்சுகிட்டு என்ன பண்றது நான்? ரெண்டு மணிக்கு நானே கூப்பிட்டுக் கேட்டேன். இல்லம்மான்னுட்டான்."

அவர் டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தார்.

"நான் என்ன பண்ணிட்டேன்?"

நிஜமாகவே கேட்டார்.

"போன வருஷம்."

"போன வருஷம் என்ன? ரெண்டு துண்டு உருளைக்கிழங்கு, ஒரு துண்டு கோழி. சாப்பிட்டுட்டு எந்திரின்னேன். அதுக்கா?"

"எவ்ளோ நேரம்?"

நேரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மணிக்கு உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் எழுந்து போனார்கள். மருமகள் கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் போனவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தார். பேத்தி ஆறு வயசுக் குழந்தை, கால் தரையை எட்டவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், "தாத்தா, எந்திரிக்கட்டுமா?" என்று கேட்டது. அவர் பேப்பரைத் திருப்பினார். பக்கத்து நாற்காலியில் மகன் இருந்தான். தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நாலே காலுக்குத் தட்டு காலியானது. அன்று தொட்டிக்கு ஒன்றும் போகவில்லை. ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

"கடைசியில சாப்பிட்டாளே" என்றார்.

"வாந்தி எடுத்தா."

"எடுத்தா. அப்புறம் சாப்பிட்டா."

"நடுவுல நீங்க ஒண்ணு சொன்னீங்க."

அடுப்பில் எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. அவர் அடுப்பை அணைக்கப் போனார். அணைந்துதான் இருந்தது.

"வேற தட்டு கொண்டான்னீங்க" என்றாள். "கொண்டாந்து வெச்சவ நான். தொடச்சுட்டு, புதுசா போட்டு, கொண்டாந்து வெச்சேன். அதே ரெண்டு துண்டு உருளைக்கிழங்கு, ஒரு துண்டு கோழி. எண்ணிப் போட்டேன். உங்களுக்குக் கணக்கு தப்பக் கூடாதுல்ல."

"நான் அவன்கிட்ட பேசறேன்."

"என்னன்னு?"

"வரச் சொல்றேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்றேன்."

"அவன் உங்கள ஒண்ணும் திட்டல. உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல." அவள் கையைப் புடவையில் துடைத்தாள். "'அவர் எதிர்ல உக்காந்தா எனக்கு வாய் வராதும்மா. எம் புள்ளைக்காகக்கூட வரல. அதனால நான் வரல, இனிமேலும் வர மாட்டேன்'னான். அவ்ளோதான் சொன்னான்."

அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கோழிப் பாத்திரத்தை எடுத்து, மூடியைத் தூக்கி, தொட்டிக்கு மேலே கவிழ்த்தாள். குளிரில் உறைந்திருந்ததால் உடனே விழவில்லை. அடியில் இரண்டு தட்டு தட்டினாள். மொத்தமாக, பாத்திரத்தின் அச்சிலேயே விழுந்தது. பிறகு சோறு. பிறகு ரொட்டியில் சீவிய ஓரங்கள். நாற்பது வருஷத்தில் அவர் முன்னால் அவள் ஒரு பருக்கை கொட்டியதில்லை. "ஏய்" என்று அவர் கை நீண்டது. பாதியில் நின்றது.

டிபன் பாக்ஸை அவள் தொடவில்லை. காகிதத்தைக் காந்தத்திலிருந்து உருவி, மடித்து, அதையும் தொட்டியில் போட்டாள். திரும்பிக் குழாயைத் திறந்தாள்.

அவர் வெளியே போகிற சட்டையோடு மேஜையில் உட்கார்ந்தார். பாக்ஸைத் திறந்தார். பதினான்கு துண்டுகள். சர்க்கரை வியர்த்து ஈரமாகியிருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார். விருந்துக்கு முந்தைய நாள் வாங்கிய ரொட்டி. இனிப்புக்கு அடியில் லேசாகப் பூஞ்சை வாடை. பொரிக்கும்போது எப்படித் தெரியாமல் போயிற்று? முப்பத்தொரு வருஷத்தில் அந்த மூக்கு தவறியதில்லை. இதையா குழந்தைக்குக் கொண்டுபோகப் பார்த்தார்? வாயில் இருந்ததை விழுங்கினார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதையும் மென்று விழுங்கினார். நாலாவதைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மணி ஏழு ஐம்பது. மனைவியின் முதுகு தெரிந்தது. ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்துத் துண்டு இருந்தது.

"எந்திரிக்கட்டுமா?" என்று கேட்டார்.