எப்சிபா அம்மையாரின் எட்டு மாதங்கள்

எங்கள் ஊரில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் சரியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் கண்டுபிடித்தது வேலை செய்யாது. சில வருடங்களுக்கு முன் கொதிநிலையை ஆராய்ந்தவருக்குச் சகோதரிகள் மூவர் என்பதை இருவர் என்று ஒருவர் பேசிவிட்டார். பதினொரு நாட்கள் ஊரில் எந்தத் தண்ணீரும் கொதிக்கவில்லை. டீக்கடைகளில் மோர் விற்றார்கள். பிறகு மூன்றாவது சகோதரியின் பெயரைத் தேடிப்பிடித்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

இந்த வருடம் டாக்டர் எப்சிபா தேவநேசத்தின் வாழ்க்கை எனக்கு வந்தது. நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். கடல்நீர் எந்த நிலையில் உப்பைக் கைவிடுகிறது என்று ஆராய்ந்தவர் எப்சிபா அம்மையார். அவருடைய வாழ்க்கையைப் பத்து வருடங்களாக அறிவியல் மன்றச் செயலாளர் வியாகப்பன் சொல்லிவந்தார். பத்து வருடங்களாக உப்பு விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. இந்த மாசியில் பாத்திகளில் நிறுத்திய கடல்நீர் முழுவதும் ஆவியாகிப் போயிற்று. அடியில் ஒரு பொடிகூட இல்லை. செயலாளருக்குத் தொண்டை சரியில்லை என்று மன்றத்தில் முடிவுசெய்து என்னை நியமித்தார்கள்.

மறுநாள் முத்துக்கனி ஆய்வகத்துக்கு வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்.

"இந்த வருசம் நீங்கதான் பேசுதீங்களாமே சார்?"

"ஆமாம்."

"ஒழுங்கா சொல்லிருங்க. பங்குனி பொறக்குததுக்குள்ள உப்பு வெளையலன்னா அளத்த மூடுதாங்க. நாப்பது குடும்பம் வேற ஊரு பாக்கணும்."

"செயலாளர் எதையாவது தப்பாகச் சொன்னாரா?"

"ஒண்ணும் தப்பில்ல. அதான் எனக்குச் சந்தேகம். அறுபத்தெட்டு வருசம் வாழ்ந்த ஒரு பொம்பள தப்பே பண்ணாம இருந்திருப்பாளா?"

கல்லூரி நூலகத்தில் அம்மையாரின் கட்டுரைகள் இருந்தன. ஐம்பத்தேழாம் வருடத்துத் தொகுதியில் எட்டுப் பக்கங்கள் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தன. ஓரம் பிசகாத, சுத்தமான வேலை. மேலே பென்சிலில் 'மரியாதை கருதி' என்று செயலாளரின் கையெழுத்து. ஆய்வகத்தில் பீக்கரில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் காட்டி, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன்.

அம்மையார் ஐம்பத்தாறில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆட்கள் பேசிக்கொண்டு வேலை செய்யும் பாத்திகளில் உப்பு சீக்கிரம் விளைகிறது, ஆகவே மனிதக் குரல் உப்பை விளைவிக்கிறது என்பது அதன் முடிவு. அதற்கு ஒரு வெளிநாட்டுப் பதக்கமும் அறிவித்திருந்தார்கள். அப்போது சீனியம்மாள் என்ற அளத் தொழிலாளி அவரிடம், "வாய்தான் பேசுதும்மா. காலு சும்மாவா நிக்கி?" என்று கேட்டிருக்கிறார்.

அதன்பின் எட்டு மாதங்கள் அம்மையார் ஊரைவிட்டு நகரவில்லை. காலையில் ஒரு பாத்தியில் இறங்கி வாய் திறக்காமல் நடந்தார். மாலையில் இன்னொரு பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை உரக்க வாசித்தார். நடந்த பாத்தியில் உப்பு விளைந்தது. வாசித்த பாத்தியில் விளையவில்லை. கால் வெடித்துப் புண்ணானபோது துணி சுற்றிக்கொண்டு நடந்தார். ஒட்டியிருந்த பக்கங்களில் கடைசிப் பக்கம் இப்படி முடிந்தது: 'என் முடிவு தவறு. நீரைக் கலக்கியவை கால்கள். நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறைக் காட்டியவர் சீனியம்மாள். இக்கட்டுரையின் முதல் ஆசிரியர் அவரே.' பதக்கத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

நான் அதை நின்றுகொண்டு இரண்டு தடவை படித்தேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் செயலாளரிடம் உரையைக் காட்டினேன்.

"என்னடே இது? அந்தம்மா படத்துக்கு மாலையப் போட்டுட்டு, கீழ நின்னு தப்பு பண்ணினாங்கன்னு வாசிப்பியோ?"

"அவங்களே எழுதினது அண்ணாச்சி."

"அவங்க எழுதலாம். நாம வாசிக்கப்படாது."

"உப்பு?"

"உப்ப வெளியூர்ல வாங்கிக்கலாம். மரியாதைய எங்க போயி வாங்குவ?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அம்மையாரின் படத்தைப் பத்து வருடங்களாகத் தினமும் துடைத்தவர்.

கூட்டத்தில் ஐம்பத்தாறாம் வருடம் வரை அமைதியாகக் கேட்டார்கள். ஐம்பத்தேழு என்று தொடங்கியதும் செயலாளர் நேரம் முடிந்ததற்கான மணியை அடித்தார். நான் நிறுத்தவில்லை. எட்டு மாதங்களையும் சொல்லிமுடிக்கும்வரை அவரும் விடாமல் அடித்தார். வரி விளம்பரம் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் முத்துக்கனி சிரித்தார். புண் பற்றிச் சொன்னபோது மணிச்சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. சீனியம்மாளின் பெயரை முதல் ஆசிரியராக வாசித்தபோது உப்பளத்துப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அதன்பின் செயலாளரும் மணியை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

விடிந்ததும் அளத்துக்குப் போனோம். புதிதாக நீர் பாய்ச்சிய பாத்திகளில் கணுக்கால் உயரத்துக்கு உப்பு விளைந்திருந்தது. ஏழாம் பாத்தியில் மட்டும் நீர் அப்படியே நின்றது. முத்துக்கனி வரப்பில் நின்று அதைப் பார்த்தார்.

"ஏட்டி, எல்லாவளும் வெளஞ்சிட்டாளுக. நீ மட்டும் என்ன மினுக்கிக்கிட்டுக் கெடக்க?"

பாத்தியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. யாரும் அதில் காலை வைக்கவில்லை. முத்துக்கனி தொடர்ந்து திட்டத் திட்ட, கோடு அகன்று நடுவரை வந்தது. அம்மையாரின் தவறையும் நான் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன்; அதுவும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

இப்போது ஏழாம் பாத்தியில் பேச ஆட்களை முறைவைத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் பெயர் கொடுத்தவர் செயலாளர். அவர் பேசினால் உப்பு சன்னமாக, மாவுபோல் இறங்குகிறது, பந்திக்கு வைக்கிறார்கள். எனக்கு வியாழக்கிழமை. நான் நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் கல் கல்லாக விளைகிறது. கருவாட்டுக்கு அதுதான் தோது என்று முத்துக்கனி சொல்லியிருக்கிறார்.