அப்துல் கனியின் நாலு டப்பா மெழுகு

சம்பந்தியின் கால்கள் இரண்டும் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தியோ காருக்குள், பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் மனிதனுக்கு என்ன தோன்றும்? அப்துல் கனிக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தவர் வாயைப் பிளந்தபடி அப்படியே இருந்துவிட்டார். "நிறுத்துப்பா! அல்லாவே, கால் போச்சு, நிறுத்து!" என்று கத்தியது சம்பந்தி நூர்முகம்மதுதான். டிரைவர் கோவிந்தராஜ் பிரேக்கை மிதித்தான். துறைமுகத்திலிருந்து வரும் ஹேடோ ஏற்றத்தில் கார் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்ததால் பிழைத்தார் மனிதர். வேகமாகப் போயிருந்தால் கல்யாணம் பேச வந்த வீட்டில் செத்தவருக்குக் கத்தம் ஓத வேண்டி வந்திருக்கும்.

கனி இறங்கிப் பின்னால் பார்த்தார். சற்றுத் தள்ளி ரோட்டில் சம்பந்தியின் செருப்பு ஒன்று கிடந்தது. அதற்கும் பின்னால் மிதியடி விரிப்பும், காரின் தரைத் தகடும், சுட்ட அப்பளத்தை நொறுக்கிப் போட்ட மாதிரி கிடந்தன.  என் காரா? தினம் விடிந்தால் நான் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிற காரா?

துறைமுகக் கூலியாட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டே, "எக்தம் நயா காடி! க்யா ஹுவா பாய்?" என்றான். புத்தம் புது வண்டி என்கிறான்; அவனை அறையலாம் போலிருந்தது கனிக்கு. ஆனால் அவன் சொன்னதில் என்ன தப்பு? வெயிலில் அந்தக் கறுப்புக் கார் அப்படித்தான் ஜொலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஜொலிப்புக்காக அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். தீவில், அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்து நன்றாகத்தான் இருந்தார். ஆனால் மகள் ரஷீதாவுக்கு மெயின்லேண்டில் மாப்பிள்ளை பார்க்கப் போனால், "காலாபானியில போயா சம்பந்தம் பண்றது? அங்க கைதியும் காடும்தானே" என்று இரண்டு வீட்டார் முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாய்களை அடைக்கத்தான் கைமாறி வந்த இந்தப் பழைய கார். ராமநாதபுரம் பக்கத்து நூர்முகம்மது, "நானே கப்பலேறி வந்து வீடு வாசலைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று எழுதியதிலிருந்து கனிக்குத் தூக்கமில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் மகளுக்கு வேறு இடமில்லை என்றே நினைத்தார்.

அதற்குள் காரின் கதவு ஓரங்களில் துரு பொரிப் பொரியாகக் கிளம்பியது. மெழுகு சரியில்லை என்று முடிவு கட்டினார் கனி. மெட்ராசிலிருந்து பச்சை டப்பா மெழுகு வரவழைத்தார். கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது அது, வெயிலில் வைத்து இளக்கித் தேய்த்தால் கண்ணாடியாக மின்னியது. துரு நிற்கவில்லை. கல்கத்தாவிலிருந்து மோர் மாதிரித் தண்ணீராக ஒரு பாலிஷ் வந்தது. அது ஒரு மழைக்குத் தாங்கவில்லை. பிறகு காட்டுத் தேனடை மெழுகை உருக்கி, டர்ப்பன்டைன் விட்டு, தானே ஒரு டப்பா காய்ச்சினார். அன்று முழுக்கக் காரைச் சுற்றி ஈ மொய்த்தது. கடைசியாகக் கப்பல்காரர் ஒருவரைப் பிடித்து வாங்கிய சீமை மெழுகு. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுதாண்டா மெழுகு" என்று கோவிந்தராஜிடம் சொன்னார். சலவைச் சோப்பைக் காரின் பக்கமே விடமாட்டார். சோப்புச் செதிலைக் கரைத்து நுரையால்தான் கழுவ வேண்டும், நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலச வேண்டும், ஆட்டுத்தோலால் ஒற்ற வேண்டும். மாசியிலேயே குழாய் வறண்டுபோகிற ஊரில், காருக்கென்று கொல்லையில் ஒரு டிரம் தண்ணீர் தனியாக இருந்தது. வீட்டில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தும் சம்பந்தியின் கால் ரோட்டில்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, குட்வில் எஸ்டேட்டிலிருந்த கனியின் வீடு வரைக்கும் மூவரும் நடந்தே போனார்கள். நூர்முகம்மது கட்டைவிரலில் ரத்தம் கசிய நொண்டிக்கொண்டு வந்தார். கனி அந்தத் தகட்டைப் பொறுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வாசலில் மனைவி மஸூதா நின்றாள். "கார் எங்க? அது என்ன கையில?"

"கார்தான்" என்றார் கனி.

மஸூதா தகட்டை வாங்கினாள். விரல் பட்டதும் உதிர்ந்தது. துருவுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். அவள் முகம் வெளிறிப்போனதைக் கனி பார்த்தார். அவள் உள்ளே போய், சம்பந்திக்குக் கால் கழுவ ஒரு வாளியும் குடிக்க ஒரு செம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

நூர்முகம்மது காலைக் கழுவிக்கொண்டு செம்பைத் தூக்கிக் குடித்தார். "தண்ணி நல்லா இருக்கு" என்றார். கப்பலிலிருந்து இறங்கியபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

கனிக்கு அப்போதுதான் உறைத்தது. "தண்ணி ஏது? மூணு நாளா நல்காவுல தண்ணி வராம பந்த் ஆச்சே?"

"காருக்கு எடுத்து வச்சது."

"காருக்கு வச்சத கார்லதானே ஊத்துறோம்?"

 கனி திரும்பிக் கோவிந்தராஜைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அவனப் பாக்காதீங்க. நான் சொல்லித்தான் செஞ்சான்" என்றாள் மஸூதா. "நீங்க விடியக்கால பஜ்ரு தொழப் போன நேரம், அவன் சைக்கிள்ல ரெண்டு டின்னு கடல் தண்ணி கொண்டு வருவான். நீங்க வர்றதுக்குள்ள அதுலயே கழுவிருவான். கோடை தொடங்கினதுலேருந்து."

"கடல் தண்ணியா?"

"கடக்காத்துலயே நிக்கிற காருக்குக் கடத்தண்ணி என்ன செய்யும்னு நெனச்சேன். இரும்பத் தின்னும்னு எனக்கு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுச் செல்லம் பெத்து எந்திரிச்சு நாளாகல. துணி அலசத் தண்ணியில்லாம கொல்லையில நின்னு அழுதா. இங்கிட்டுப் பாத்தா கார் குளிக்க ஒரு டிரம் தண்ணி. எனக்கு மனசு கேக்கல. அவளுக்குக் குடுத்தேன். அப்புறம் மத்தவளுகளும் வந்தாளுக."

கனி திண்டாடிப்போனார். கோபம் வர வேண்டும், வரவில்லை.  உப்பில் குளித்த காரை ஒவ்வொரு நாளும் நல்ல மெழுகாகப் பார்த்துப் பூசி, உப்பு வெளியே போகாமல் மூடி வைத்தது அவர் கைதான். ஒன்றுக்கு நாலு டப்பாவாக முகர்ந்து பார்த்து வாங்கினாரே, வாளித் தண்ணீரில் ஒரு நாள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாரா?

எல்லாம் போயிற்று. சம்பந்தி எழுந்து போய்விடுவார். ஊரில் போய்ச் சிரிப்பார். உள்ளறையில் ரஷீதாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நூர்முகம்மது காலிச் செம்பை மஸூதா பக்கம் நீட்டினார்.

"இன்னொரு செம்பு குடுங்க தங்கச்சி" என்றார். பிறகு கனியைப் பார்த்தார். "எங்க பக்கம் தண்ணிக்குக் கூடப்பொறந்தவங்க கொடத்தால அடிச்சுக்கிட்டத நான் பாத்திருக்கேன். காரப் பாத்து ஒங்க வீட்ட எடை போடவா கப்பலேறி வந்தேன்? காரு வேணும்னா எங்க ஊர்லயே இருக்கு. பொண்ணு இந்தம்மா வளத்த பொண்ணுதானே? அப்ப எனக்குச் சம்மதம். நாளப் பாருங்க."

 அன்று காலையிலிருந்து விழுந்த அடிகளில் இதுதான் பெரிய அடி. என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணைத் துடைக்கிற சாக்கில் கொல்லைப்புறம் போனார்.

அங்கே டிரம்முக்குப் பக்கத்தில், தோளில் பச்சைப் பிள்ளையும் கையில் குடமுமாகச் செல்லம் நின்றிருந்தாள். இவரைக் கண்டதும் வெலவெலத்துப்போய்க் குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"பாய்... இன்னைக்குக் காரு கழுவணுமா? அப்ப நான் அப்புறமா வர்றேன்."

  கனி குனிந்து டிரம்மின் மூடியை எடுத்தார், குடத்தை அவள் கையிலிருந்து வாங்கினார்.