கட்டைவிரல் அசையவில்லை

கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் திங்களார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பேய் பிடித்தவன்போலப் பந்து விளையாடுவான், வந்து மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடிப்பான், திங்கள் விடிந்தால் கைகால் வரவில்லை என்று படுத்துக்கிடப்பான். எல்லாத் திங்களும் இல்லை, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. மத்தியானத்துக்குள் எழுந்து நடமாடிவிடுவதால், சாயங்காலம் டாக்டரிடம் போனால் அவர் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். இரண்டு வேலை போய், இப்போது மரச்சாமான் கிடங்கில் சுமை தூக்குகிறான். அதுவும் ஆட்டம் கண்டிருந்தது.

அவன் அண்ணன் ஒரு தடவை குவளைத் தண்ணீரை முகத்தில் ஊற்றிப் பார்த்தான். தம்பி நனைந்தபடியே கிடந்தான். அதையும் நெஞ்சழுத்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணிக்கு மருத்துவமனையில் நரம்புப் பரிசோதனை அறையில் வேலை, பதினொரு வருடமாக. மணிக்கட்டில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் நரம்பு வழியே சேதி ஓடும், கட்டைவிரல் துள்ளும், திரையில் ஒரு மேடு எழும். கை வரவில்லை என்று சாதித்த எத்தனையோ பேரை அந்த மேடு காட்டிக்கொடுத்திருக்கிறது. மனுஷன் நடிக்கலாம், நரம்பு நடிக்காது என்பது அவள் கட்சி. திங்களாரின் குட்டையும் அங்கேயே உடைத்துவிடலாம் என்று தீர்மானித்து, நரம்பு டாக்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவைத்தாள்.

அடுத்து அவன் விழுந்த திங்களன்று அண்ணனும் மாடிவீட்டு டிரைவரும் அவனை மூட்டைபோலத் தூக்கி வண்டியில் போட்டார்கள். எட்டு மணிக்கு அவளுடைய பரிசோதனை அறைக் கட்டிலில் கிடந்தான்.

முதலில் விரலின் உணர்ச்சி நரம்பைச் சோதித்தாள். அலை சுத்தமாக வந்தது. அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தாள். பிறகு கட்டைவிரல் தசைமேல் பசை தடவி, கம்பி கோத்த வில்லையை ஒட்டி, மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்தாள். திரையில் கோடு படுத்தே கிடந்தது. கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அந்த அளவுக்கு யாருடைய கையும் தூக்கிப்போட்டிருக்கும்.

"வலிக்குது அண்ணி," என்றான். கை மட்டும் அசையவில்லை.

இயந்திரத்தில்தான் கோளாறு என்று அதே கம்பிகளைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். முதல் அழுத்தலிலேயே அவள் விரல் துள்ளியது. திரும்ப அவன் கைக்கு மாற்றினாள், காலுக்கும் மாற்றினாள். எங்கும் பதில் இல்லை. அவள் எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தாள்.

இரத்தத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. டாக்டர் அண்ணனை நிறுத்திவைத்து விளக்கினார். நரம்பானாலும் தசையானாலும் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்விலுள்ள கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்ததும் பொட்டாசியம் வெளியேறும். இந்தப் போக்குவரத்துதான் மின்சேதி. இவனுக்குப் பிறவியிலேயே தசைச் சவ்வில் ஒரு கோளாறு. கடுமையாக ஓடியாடி, வயிறு முட்டத் தின்று படுத்தால், இரத்தத்திலுள்ள பொட்டாசியம் தசைக்குள் புகுந்துகொள்கிறது, சோடியக் கதவுகள் திறக்காமல் அடைத்துக்கொள்கின்றன.

"நரம்பு ஒழுங்காத்தான் சேதி கொண்டுபோகுது. தசைதான் அதை ஏத்துக்கல," என்றார் டாக்டர்.

அண்ணன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் மருந்துக்கடை என்று கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் நடந்தான்.

பொட்டாசிய மருந்தைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார்கள். பதினொரு மணிக்கு விரல்கள் மடங்கின. அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பொய் சொல்றேன்னு காட்டத்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா," என்றாள்.

"தப்பில்ல அண்ணி. எல்லாரும் சொல்லிச் சொல்லி, நமக்கு நெஜமாவே சோம்பேறித்தனம்தான் போலன்னு நானே நெனச்சுட்டேன். படுத்துக்கிட்டே, எந்திரிடா எந்திரிடான்னு என்னையே திட்டிக்குவேன்."

அவள் அவன் கையிலிருந்த பசையைப் பஞ்சால் துடைத்தாள். ஏற்கெனவே ஒரு தடவை துடைத்திருந்த இடம்தான்.

டாக்டர் சீட்டைக் காட்டியும் கிடங்குக்காரர் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு இரும்புக்கடையில் வேலை கிடைத்தது. ஆட்டம் அரைமணி நேரமாகக் குறைந்தது, சாப்பாடு ஒரு ஆள் அளவுக்கு வந்தது. அந்த வருடம் இரண்டு தடவைதான் விழுந்தான். அண்ணன் மட்டும் திங்கட்கிழமைகளில் சீக்கிரமே எழுந்து, தம்பியின் அறைக்குள் எட்டிப் பார்த்து, "காலை ஆட்டு பாப்போம்," என்பான். போர்வைக்குள் கால் ஆடிய பிறகுதான் பல் தேய்க்கப் போவான்.