துடக்குக் கழியும்வரை

சிவநேசத்துக்கு ஊரிலிருந்து செத்தவீட்டுச் செய்தி வந்த அதே கிழமைதான் அந்தச் சனியன் பிடித்த செடி பூக்கத் தேர்ந்தெடுத்தது.

பிரெஞ்சு பேசும் கர்க்லாண்ட் நகரில் அவர் வேலை செய்யும் கண்ணாடிக்கூடத்தில் அதற்கென்று தனி அறை. ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் முளைக்காத இனம். இப்போது அங்கேயும் இல்லை. வீங்கிய கால் மாதிரித் தண்டு, உச்சியில் முட்டைக்கோசு போல ஒரு கோவா. மகரந்தம் சுமந்த விட்டில் அழிந்துவிட்டதால் மனிதர்தான் தூரிகைப் பிறஸ்ஸால் தடவ வேண்டும். வேறொரு தோட்டத்திலிருந்த துணைச்செடியும் பட்டுப்போய், அதன் மகரந்தம் மட்டும் ஒரு குப்பியில் குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது. பதினொரு வருடமாகத் தினமும் தண்டை அமுக்கிப் பார்த்து வளர்த்த சிவநேசத்திடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மேலாளர் பேனாட் லீவில் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தமையன் கொக்குவிலில் செத்துப்போனார். வியாழன் முதல் மொட்டு விரிந்தது.

சிவநேசம் பிறஸ்ஸை எடுத்தார், வைத்தார். அவர் குடும்பத்தில் சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரர் வெற்றிலைக் கொடிப் பக்கமும் போகமாட்டார்கள், கொடி பட்டுவிடுமாம். துடக்கோ முப்பத்தொரு நாள். மனைவி கௌரிக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சை ஆரப்பா துடக்குப் பாக்கினம்? பேசாமல் தடவிவிடுங்கோ."

"உலகத்தில ஒண்டே ஒண்டுதான் இருக்கு. என்ரை கை பட்டுச் செத்துப்போச்செண்டால்?"

"அப்ப பேனாட்டிட்டைச் சொல்லுங்கோ."

"சிரிப்பான். திங்கள் வாறான்தானே. இன்னும் ரெண்டு மொட்டுக் கிடக்கு, அவன் தடவட்டும்."

அதன் பிறகு அவர் எட்டியே நின்றார். தண்ணீரைக்கூட நீளக்குழாயால் விட்டார். வழக்கம்போல் அமுக்கிப் பார்த்திருந்தால், தண்டின் அடி இளகி நொந்துபோயிருப்பது விரலுக்குத் தெரிந்திருக்கும்.

திங்கள் காலை செடி முறிந்து கிடந்தது. அடி அழுகல். மொட்டு இரண்டும் விரியவேயில்லை.

பேனாட் கத்தவில்லை. "ஒரு பூவாவது விரிந்ததா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வியாழக்கிழமை."

"தடவினாயா?"

துடக்குக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வதென்று சிவநேசம் மண்டையைப் போட்டு உடைத்தார். கடைசியில், "இல்லை" என்றார். பேனாட் குப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து வீடெல்லாம் தண்ணீர் தெளித்து, சிவநேசத்தின் உள்ளங்கையிலும் கொஞ்சம் விட்டார்.

"துடக்குக் கழிஞ்சுது. இனி என்னத்தையும் தொடலாம்."

தமையனுக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. சுத்தமான அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, எதைத் தொடுவதென்று தெரியாமல் சிவநேசம் அழுதார்.