வெண்டலுக்கு மட்டும் பச்சை

நார்த் பிளாட் ஊரின் லாரி எடைச் சாவடி நெருங்கும்போதே ராய்ஸ் வேகத்தைக் குறைத்தான். வண்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தான். பச்சை எரிந்தால் நிற்காமல் போகலாம்; சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனைக்குச் சாவடிக்குள் வண்டியைத் திருப்பியாக வேண்டும். அந்த வாரத்தில் இது நான்காவது தடவை.

அவனுக்கு முன்னால் போன நீல லாரிக்குப் பச்சை விழுந்திருக்க வேண்டும். வேகம் துளியும் குறையாமல் அது நெடுஞ்சாலையில் நேராகப் போய்விட்டது. ஓட்டியவன் வெண்டல். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒகலாலாவில் இருவரும் ஒரே மேஜையில் முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள்.

பதினோரு வருடம் இருவரும் ஒரே கம்பெனியில் ஓட்டியவர்கள். அதில் நான்கு வருடம் ஒரே வண்டியில், ஒருவன் தூங்க ஒருவன் ஓட்ட. போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வெண்டல் தன் கைபேசியை நீட்டினான். எந்தக் கம்பெனியின் வண்டிகள் சோதனையில் எப்படித் தேறின என்று அரசாங்கம் போட்டிருக்கும் கணக்கு அது.

"பாருடா. நம்ம கம்பெனில நூறு வண்டிய சோதிச்சா நாப்பத்தொரு வண்டிய ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திடறான். ஹாவ்லிக் கம்பெனில வெறும் ஆறு. நான் அங்க போறேன். நீயும் வா."

"நீ லாரி ஓட்ட வந்தியா, பரீட்சை எழுத வந்தியா?" என்று ராய்ஸ் சிரித்தான். முதலாளி ஸ்டக்கி அவனுக்குப் புது வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார். வெண்டல் ஹாவ்லிக்குப் போய்விட்டான்; அந்தப் புது வண்டி வரவே இல்லை.

கணக்கு கெட்ட கம்பெனியின் வண்டி என்றால் சிவப்புதான்; சாவடிக்காரர்கள் சோதிக்காமல் விடுவதில்லை. நார்த் பிளாட்டில் அன்றைக்கும் விடவில்லை. ஓர் அதிகாரி வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்து பிரேக்கில் காற்றுக் கசிவதைக் கண்டுபிடித்தார். மெக்கானிக் வந்து சேர நான்கு மணி நேரம். ஓடிய மைலுக்குத்தான் சம்பளம். நின்ற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் வெண்டல் ஒரு படம் அனுப்பினான். வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள், பந்தாட்ட உடுப்பில்.

இரவு வீடு திரும்பியபோது மனைவி லோர்னா தட்டைச் சூடுபண்ணி வைத்தாள். "வெண்டல் அஞ்சு மணிக்கே வந்துட்டானாமே" என்றாள். குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

அதற்குப் பிறகு வெண்டலிடம் இருந்த எல்லாமே ராய்ஸின் கண்ணில் பட்டது. மெத்தென்ற இருக்கை, வண்டிக்குள் இருந்த குளிர்பெட்டி, துவைத்த சட்டை, சரியான தூக்கம் தூங்கிய முகம். இவன் என்னைவிட நன்றாக ஓட்டுகிறானா? பனியில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. இப்படி நினைத்து நினைத்து நெஞ்சு எரிந்தது.

ஏப்ரலில் ஒரு பிற்பகல், கிராண்ட் ஐலண்டுக்குப் பக்கத்தில் அவன் மறுபடியும் வெண்டலின் வண்டிக்குப் பின்னால் போக நேர்ந்தது. பின்கதவில் வண்டி எண் 418. அதற்குக் கீழே, 'நான் ஓட்டுவது எப்படி இருக்கிறது? சொல்லுங்கள்' என்று ஒரு தொலைபேசி எண். இருபது மைல் தூரம் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, அந்த எண்ணுக்குப் போன் அடித்தான்.

"உங்க நானூத்திப் பதினெட்டாம் வண்டி தள்ளாடிக்கிட்டுப் போகுது. என்னைப் பள்ளத்துல தள்ளப் பாத்தான்" என்றான். பெயர் கேட்டபோது வைத்துவிட்டான். அன்றைக்குப் பசித்துச் சாப்பிட்டான்.

இரண்டு வாரம் கழித்து வெண்டல் போனில் கூப்பிட்டான்.

"எவனோ ஒரு முட்டாப்பய என் மேல புகார் குடுத்திருக்கான்டா. மூணு நாள் வண்டியத் தொட விடல. அப்புறம் கேமரால பாத்துட்டு, நீ கோடு போட்ட மாதிரிதான் போயிருக்கேன்னு விட்டுட்டாங்க."

"யாராம்?"

"யாரோ. அத விடு. இங்க ஒரு வண்டி காலியா இருக்கு. டெவ்லின் அம்மாகிட்ட உன்னப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். செவ்வாக்கிழமை வா. முடிஞ்சதும் சாப்பிடப் போலாம்."

வர முடியாது என்று சொல்ல ராய்ஸ் வாயைத் திறந்தான். வரேன் என்றுதான் வந்தது.

டெவ்லின் அம்மாள் ஹாவ்லிக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. ராய்ஸின் மூன்று வருடச் சோதனைப் பதிவை வரி வரியாகப் படித்தாள்.

"மொத்தம் பதினேழு குறை. மூணுதான் உங்க பேர்ல. மிச்சம் எல்லாம் பிரேக், டயர், விளக்கு. அந்த வண்டிய யார் ஓட்டினாலும் இதான் வரும். இத்தன நாள் அங்க ஏன் இருந்தீங்க?"

பல மாதங்களில் முதன்முறையாக ஒருவர் அவன் பக்கம் பேசினார். ராய்ஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "போகணும்னு தோணல" என்றான்.

அவள் விண்ணப்பத்தின் அடிப்பகுதிக்கு வந்ததும் நின்றாள். கணினியில் எதையோ தேடினாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது உங்க போன் நம்பர்தானே?"

"ஆமா."

"ஏப்ரல்ல எங்க நானூத்திப் பதினெட்டு பத்தி ஒரு புகார் வந்துச்சு. இதே நம்பர்லேருந்து."

போனைத் தொலைத்திருந்தேன் என்று சொல்லலாம். நினைத்தான். சொல்லவில்லை.

"நான்தான். அவன் ஒண்ணுமே பண்ணல."

"அப்ப ஏன்?"

"அவனுக்குப் பச்சை விழுது. எனக்குச் சிவப்பு விழுது."

அவள் விண்ணப்பத்தை மூடி வைத்தாள். "பதினேழு குறைய நான் தள்ளிட்டிருப்பேன். இதத் தள்ள முடியாது. வெண்டல்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீங்க சொல்லிக்கோங்க."

வெளியே வெண்டல் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். "என்ன, எப்ப சேர்ற?" என்றான்.

ராய்ஸ் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். வெண்டல் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"மூணு நாள் வீட்ல உக்காந்திருந்தேன். குடிச்சிட்டு ஓட்டினியாப்பான்னு என் பொண்ணு கேட்டா" என்றான். கதவைத் திறந்து ஏறிக்கொண்டு போய்விட்டான்.

ராய்ஸ் இதை லோர்னாவிடமும் சொன்னான். அவள் அன்று அவனுடன் பேசவில்லை. மறுநாள் மடிக்கணினியைச் சமையலறை மேஜையில் வைத்து, "உக்காரு. இந்தத் தடவ யாரு சொன்ன வாக்கையும் நம்பாம, கணக்கப் பாத்துத் தேடு" என்றாள். ஏழு கம்பெனிகளைப் பார்த்தார்கள். ஹேஸ்டிங்ஸில் தானியம் ஏற்றும் சின்னக் கம்பெனி ஒன்று, இருபத்திரண்டு வண்டிகள்தான். நூற்றுக்கு ஒன்பது. சம்பளம் பழைய இடத்தைவிட மைலுக்கு மூன்று சென்ட் குறைவு. ஜூனில் அங்கே சேர்ந்தான். சேர்ந்த வாரமே பச்சை விழுந்தது. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான்.

நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் நீல வண்டி வந்தால் கையைத் தூக்குவான். வெண்டல் தூக்கமாட்டான்.

அக்டோபரில் யார்க்கில் ஒரு லாரி நிறுத்தத்தில் ராய்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது வெண்டல் உள்ளே வந்தான். வேறு இடம் இல்லாமல் அடுத்த மேஜையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"இப்ப எங்க ஓட்டற?"

ராய்ஸ் சொன்னான்.

"நூத்துக்கு எத்தன?"

"ஒம்பது."

"எங்களுக்கு இப்ப அஞ்சு" என்றான் வெண்டல்.

ராய்ஸுக்குள் அந்தப் பழைய எரிச்சல் சுருக்கென்று தலைதூக்கியது. கரண்டியைக் கீழே வைத்தான். "நல்லது" என்றான். உப்புக் குப்பியை நகர்த்தச் சொல்லி வெண்டல் கை நீட்டினான். ராய்ஸ் நகர்த்தினான்.