முற்பகல் ஓரகத்தி, பிற்பகல் ஓரகத்தி

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மறைப்பானேன்? வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணாம் தேதியானா பென்ஷன் தானா வந்து விழுந்துடும் சார். நாம பாட்டுக்குத் தூங்கலாம்." எழுதிப் பிழைக்கும் எனக்கு எந்தத் தேதியிலும் எதுவும் தானாக வந்து விழுந்ததில்லை. அவருடைய ஓய்வூதியத்தைக் கதையிலாவது நிறுத்திவிடுவது என்று வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'நீதிமன்ற வளாகத்தில் காலை வெயில் மெல்லப் படர்ந்து' — வேண்டாம். வெயில் எல்லாக் கதையிலும் படர்கிறது.

இரண்டாவது: 'நீதிபதிகளின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் சட்டமன்றத்தில் யாரும் கை தூக்கி வாக்களிக்க வேண்டியதில்லை. ஊழியர்களுக்கு என்றால் மட்டும், ஊருக்கே உத்தரவு போடும் நீதிமன்றம் ஆண்டுதோறும் நிதித்துறை வாசலில் கையேந்தி' — இது கட்டுரை. எவன் படிப்பான்?

மூன்றாவது: ஓரகத்திகள் இருவர். இது ஓடும்.

3

மூத்தவள் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க், இளையவள் அங்கேயே தட்டச்சர். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருப்பவர்கள். ஒரே தேர்வு எழுதி, ஒரே ஆட்டோவில் வேலையில் சேரப் போனார்கள். மூத்தவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். இளையவள் குனிவதற்குள் பதிவாளரை நீதிபதி கூப்பிட்டுவிட்டார். அவர் திரும்பி வந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. ஆக, மூத்தவள் முற்பகலில் சேர்ந்தவள், இளையவள் பிற்பகலில் சேர்ந்தவள்.*

அரசு, நிதி இல்லை என்று கைவிரித்து, புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியத்தை நிறுத்தியது சரியாக அந்த மறுநாளிலிருந்து.

(* பிற்பகலில் சேர்ந்தால் மறுநாள் சேர்ந்ததாகத்தான் கணக்கு. இவர்கள் அலுவலக விதி அது. தற்செயல் அதிகம் என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு வாரம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். பொறாமை சப்பென்று ஆகிவிட்டது. பழையபடி மாற்றிவிட்டேன்.)

4

மூத்தவள் புதுச் செருப்புப் போட்டால் இளையவளுக்குக் கால் கடிக்கும். மாடியில் மிக்ஸி ஓடினால், "ஓட்டட்டும், ஓட்டறவங்களுக்கு என்ன" என்று முணுமுணுப்பாள். பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

மூத்தவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஓய்வு பெறும் மாதத்தில் மாடிப்படியில் நின்று அவள் சொன்னது இது:

"எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் பென்ஷன் இருக்கறப்ப உனக்கென்ன கவலை? உன்ன விட்டுட்டா நான் சாப்பிடப் போறேன்?"

"உங்க பென்ஷன் உங்களோட இருக்கட்டும்க்கா. நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டாத்தான் குடுக்கணுமா?"

இளையவள் அன்று சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

5

மூத்தவளின் ஓய்வூதியக் கோப்பு இளையவளின் மேசைக்குத்தான் தட்டச்சுக்கு வந்தது. பணியில் சேர்ந்த நாள், வேளை என்ற இடத்தில் அவள் விரல்கள் 'பிற்பகல்' என்று அடித்தன.

வேண்டுமென்றா? தெரியாது என்று எழுதினால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். இத்தனை வருடமும் அவள் நெஞ்சைக் குடைந்த சொல் அது. விரலுக்கு அதுதான் பழக்கம். ஆனால் அடித்த பிறகு பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அச்செடுத்தாள். அதற்கு விரலைக் குறை சொல்ல முடியாது.

நிதித்துறையோ இந்த ஆண்டு கோப்புகளைத் திருப்பி அனுப்பச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு சொல் போதும். அப்புறம் அக்கா ஓய்வூதியமில்லாமல் வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான், அதுவும் தான் வேலை பார்த்த நீதிமன்றத்திலேயே.

6

முடிவு ஒன்று: இளையவள் தாளைப் பிடுங்கித் திருத்திவிட்டு, மூத்தவளின் தோளில் சாய்ந்து — எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

முடிவு இரண்டு: கோப்பு போகிறது. மாதங்கள் ஓடுகின்றன. அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டுகிறாள். "கொஞ்சம் பணம்... எப்படிக் கேக்கறதுன்னே தெரியலடி." இளையவள் சிரிக்கிறாள். "கேட்டாத்தான் குடுக்கணுமாக்கா?"

இதை எழுதியபோது எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் இனித்தது. அப்போதுதான் பயந்துபோய்ப் பேனாவைக் கீழே வைத்தேன். இவளுக்கு முடிவு சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

7

இப்போது நிலவரம் இது. பதிவாளர் பேனாவைத் திறந்துவிட்டார். அவள் அடித்த எதையும் அவர் படித்துப் பார்த்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்துக்கு முன் வழக்கமாகக் கேட்பதை மட்டும் கேட்கிறார்:

"சரிபாத்துட்டீங்களாம்மா?"

"ஆச்சு சார்" அல்லது "இல்ல சார்". இரண்டில் ஒன்றை அவள் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்துவிட்டாள். நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு நிமிடம், உங்கள் வீட்டு மாடியில் இருப்பது யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.